நூற்றுக்கு மேல் போன எண்

ஒரு மனிதருடைய சோதனை எண்ணை நான் மாற்றி எழுதினேன். பயப்பட ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்லவும் செய்தேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன். வயதாகிவிட்டது, கண் மங்கல் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அன்று என் கண் நன்றாகத்தான் தெரிந்தது.

லெப் வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடம் ஒரு பல்கலைக்கழக லெப்பில் டெக்னிக்கல் ஒபிசராக இருந்தவன் நான். பிறந்தது றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். பென்ஷன் எடுத்து வீட்டில் இருந்தவனை எங்கள் பேராசிரியை திரும்பக் கூப்பிட்டார். லெப்பில் செய்த ஒரு கருவியைத் தோட்டத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். தமிழும் சிங்களமும் தெரிந்த, சோதனை ஸ்ட்ரிப்பைக் கையாளத் தெரிந்த ஆள் வேண்டும். நான் சந்தோஷமாகப் போனேன்.

1. பெட்டி

கருவி ஒரு சப்பாத்துப் பெட்டி அளவுதான். உள்ளே முழுக்கக் கறுப்பு. மூடியில் ஒரு சிறிய நீல விளக்கு. அதன் கீழே நகத்தளவு ஸ்ட்ரிப் ஒன்றைச் செருக வேண்டும். ஸ்ட்ரிப்பின் மேல் குவாண்டம் டொட்ஸ் பூசியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அவை. லெப்பில் நாங்கள் டொட்ஸ் என்று மட்டும் சொல்வோம். வெளிச்சம் பட்டால் டொட்ஸிலிருந்து எலக்ட்ரோன் கிளம்பும். அதைக் கரண்டாக அளப்போம். கிளம்பிய எலக்ட்ரோனின் இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்க ஒரு பொருள் வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் விழுந்துவிடும். அதற்காக, அளக்கும் திரவத்தில் அஸ்கோர்பிக் அசிட் கலந்திருப்போம்.

டொட்ஸின் மேல் அன்டிபொடி ஒட்டியிருக்கும். சிறுநீரகம் அடிபடும்போது சிறுநீரில் ஒரு புரதம் கூடும். இரத்தச் சோதனையில் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே கூடிவிடும். அந்தப் புரதத்தை அன்டிபொடி பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட புரதம் டொட்ஸை மூடி உட்கார்ந்துகொள்ள, அசிட் கிட்டே வர முடியாமல் போகும். கரண்ட் குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு புரதம்.

ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் முதலில் வெறுமனே அளந்து அதை நூறு என்று வைத்துக்கொள்வோம். பிறகு சிறுநீர் விட்டு, இருபது நிமிடம் பொறுத்து, மூன்று தடவை கழுவி, மறுபடி அளப்போம். சுகமான ஆளுக்கு நூற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். சிறுநீரகம் அடிபட்டிருந்தால் இறங்கும். மேலே போக வழியில்லை. போனால் எங்கேயோ பிழை என்று அர்த்தம். அந்த ஸ்ட்ரிப்பை எறிந்துவிட்டுப் புதியதில் மறுபடி செய்ய வேண்டும். ஏன் ஏறியது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். இந்த விதியைப் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்ததே நான்தான்.

தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தது எலிக்காய்ச்சலுக்காக. எங்கள் பக்கம் அதை மீ உண என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வயலில் இறங்குகிறவர்கள், மாணிக்கக் குழியில் இறங்குகிறவர்கள், மழைக்காலம் வந்தால் இந்தக் காய்ச்சலில் விழுவார்கள். சிலருக்குச் சிறுநீரகம் போய்விடும். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து இருக்கிறது.

பேராசிரியை முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார்.

“நம்பர் நமக்குச் சேர்ந்தது. நோயாளி டொக்டருக்குச் சேர்ந்தவர். பெட்டி என்ன காட்டினாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. காய்ச்சல் என்று வருகிற எல்லாருக்கும் ஆஸ்பத்திரிக் கடிதம். நம்பர் நல்லா இருந்தாலும் கடிதம், கெட்டுப்போயிருந்தாலும் கடிதம்.”

“இது எனக்குத் தெரியாதா, மேடம்?” என்றேன்.

2. டிஸ்பென்சரி வரிசை

நான்காம் நாளாக மழை. தோட்டத்து டிஸ்பென்சரியின் வெளி விறாந்தையில் மேசை போட்டிருந்தேன். பல்கலைக்கழக வேன் பழுதாகி நின்றதால் கழுவும் திரவம் வந்து சேரவில்லை. என்னிடம் இருந்தது அரைப் போத்தல். மூன்று தடவை கழுவினால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். ஒரு தடவை கழுவினால் போதும் என்று நானே முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஸ்ட்ரிப்பும் ஏழுதான் மீதி. வரிசையில் ஆறு பேர்.

நான்காவதாக வந்தவர் தர்மலிங்கம். தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவர், நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கிராமத்து மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கப் போவார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே பகிடி விட்டார்.

“சார், மூத்திரத்துல லைட் அடிச்சு பாக்குறீங்களாமே. கல்லு கில்லு கெடந்தா சொல்லிப்புடுங்க. பாதிப் பங்கு உங்களுக்கு.”

வரிசை சிரித்தது. கூட வந்த அவர் மனைவி புஷ்பம் சிரிக்கவில்லை.

“நிக்கத் தெம்பு இல்ல, வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல. கெண்டக்கால புடிச்சிக்கிட்டு முனகிக்கிட்டே கெடந்தாருங்க. கண்ணப் பாருங்க சார், செவசெவன்னு.”

கண் சிவந்துதான் இருந்தது. கெண்டைக்கால் வலி, சிவந்த கண், குழியில் தண்ணீர் இறைத்த மனிதர். அது என்னவாக இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

“ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வரமாட்டேங்கிறாரு,” என்றார் புஷ்பம். “நீங்க சொன்னா கேப்பாரு. நீங்களும் லயத்துல பொறந்தவங்கதானே.”

“எங்கண்ணன் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாரு,” என்றார் தர்மலிங்கம். இப்போது குரலில் பகிடி இல்லை. “இதே காய்ச்சல்தான். திரும்ப லொறியில கொண்டாந்தாங்க. பெட்டி போகச் சொன்னா நான் போறேன் சார். சும்மா போக மாட்டேன்.”

சிறுநீரை ஸ்ட்ரிப்பில் விட்டேன். இருபது நிமிடம் கழித்து ஒரு தடவை கழுவினேன். விளக்கைப் போட்டேன். லெப்டொப்பில் கோடு ஏறியது, ஏறிக்கொண்டே போய் நின்றது. நூற்று முப்பத்தொன்று.

எனக்குத் தெரியும். அது எண்ணே இல்லை. ஏதோ பிழை என்று பெட்டி சொல்கிறது, அவ்வளவுதான். மறுபடி செய்ய ஸ்ட்ரிப் எடுத்தால் கடைசி ஆளுக்கு எதுவும் பழுதானால் மாற்று இருக்காது. திரவமும் தீரும். ஒரு பக்கம் விளக்கம் எழுதவும் வேண்டும். எழுதினால் ஒரு தடவைதான் கழுவினேன் என்பதும் வெளியே வரும். இவ்வளவும் மனதில் ஓடின. இன்னொன்றும் ஓடியது. அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம். அந்த இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல செய்தி சொல்கிறவனாக இருக்க எனக்கு ஆசையாக இருந்தது. புரதம் இருந்தால் குறைந்திருக்க வேண்டுமே, குறையவில்லையே என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

“என்ன சார் சொல்லுது?”

“பயப்பட ஒண்ணுமில்ல,” என்றேன்.

புஷ்பம் விடவில்லை. “நல்லாப் பாத்தீங்களா, சார்?”

“பாத்தேம்மா.”

புத்தகத்தில் தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் கொடுத்தேன். தர்மலிங்கம் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“இது சும்மா வழமைக்குக் குடுக்கிறதா சார்?”

“ஆமா. எல்லாருக்கும் குடுக்கிறது.”

அந்தக் கடிதமும் அதோடு செத்தது.

3. ஒரேன்ஞ் குளிசை

அடுத்த நாள் காலை டிஸ்பென்சரிக்குள் ஒதுங்கி நின்றேன். மருந்து கொடுக்கிறவர் நஸீர், றக்வானவிலிருந்து வந்துபோகிறவர். காய்ச்சல்காரர் ஒவ்வொருவருக்கும் பெரிய டப்பாவிலிருந்து ஒரேன்ஞ் நிறக் குளிசைகளைக் கடதாசியில் கொட்டிக் கொடுத்தார். ஒரு பெண் வாசலைத் தாண்டுமுன்னே இரண்டை வாயில் போட்டு மென்றாள்.

“இது என்ன?” என்றேன்.

“விற்றமின் சி. கொரோனாவோட வந்த பழக்கம். காய்ச்சலோ, வயித்து வலியோ, இது கைக்கு வராட்டி மருந்தே குடுக்கலன்னு சண்டைக்கு வருவாங்க. மிட்டாய் மாதிரி திம்பாங்க. லயத்துல ஊட்டுக்கு ஊடு ஒரு போத்தல் கெடக்கும்.”

விற்றமின் சி என்பதும் அஸ்கோர்பிக் அசிட் என்பதும் ஒன்றுதான். அளக்கும் திரவத்தில் கரண்டுக்காக நாங்கள் கலக்கும் அதே பொருள். உடம்புக்கு மிஞ்சியது சிறுநீரில்தான் போகும். சரியாகக் கழுவாத ஸ்ட்ரிப்பில் அந்தச் சிறுநீர் தங்கினால் கரண்ட் ஏறும். புரதம் இறக்கியதை இது ஏற்றி மறைத்துவிடும்.

ஒரு குளிசையில் கால்வாசியைத் தண்ணீரில் கரைத்தேன். மிஞ்சிக் கிடந்த ஒரு ஸ்ட்ரிப்பில் விட்டு, நேற்றுப் போலவே ஒரு தடவை கழுவி அளந்தேன். கோடு நூற்றைத் தாண்டிப் போனது. அதே ஸ்ட்ரிப்பை இன்னும் இரண்டு தடவை கழுவினேன். நூற்றுக்கு வந்து நின்றது.

அப்போது காலை பதினொரு மணி. தர்மலிங்கத்தின் லயம் மேலே நாற்பது நிமிட ஏற்றத்தில். படிவத்தில் புஷ்பத்தின் போன் நம்பர் இருந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், மேசையைத் துடைத்தேன். கொண்டுவந்த பாண் துண்டைச் சாப்பிட்டேன். போனில் நம்பரைப் பாதி அழுத்திவிட்டுக் கட் பண்ணினேன். போய்ச் சொன்னால், நேற்று ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்பார்கள். காய்ச்சல் விட்டிருக்கும், விட்டிருந்தால் சொல்லவே தேவையில்லை என்று நினைத்தேன். மத்தியானம் போகிறேன் என்று எனக்கே சொன்னேன். மத்தியானம் மழை விட்டதும் போகிறேன் என்றேன். மழை விட்டது. நான் நாலு மணி பஸ்ஸில் றக்வான அறைக்குத் திரும்பினேன்.

எண்ணை மாற்றியதை விடப் பெரிய குற்றம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அது ஒரு நிமிடத்தில் நடந்தது. இது ஐந்து மணி நேரம் நடந்தது.

4. மண் இறங்கிய இடம்

மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் ஏறினேன். தோட்டத்துக்கு இரண்டு வளைவு கீழே பஸ் நின்றுவிட்டது. பாதையில் மண் சரிந்து கிடந்தது. இறங்கி நடந்தேன்.

சரிவின் அந்தப் பக்கத்தில் நாலு பேர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இரண்டு கம்பு கட்டி ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் குடை பிடித்துக்கொண்டு புஷ்பம். கிட்டே வருமுன்பே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தர்மலிங்கத்தின் கண் மஞ்சளாக இருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

புஷ்பம் என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். விஷயம் தெரிந்த ஆளிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

“நேத்துக் காலையிலருந்து ஒண்ணுக்கு ஒரு சொட்டுக் கூட போகலங்க.”

நேற்றுக் காலை. நான் குளிசையைக் கரைத்துக்கொண்டிருந்த நேரம்.

“பேச்ச வெச்சிக்கிட்டு நிக்காதீங்க, மேல மண்ணு இன்னும் எறங்குது,” என்று தூக்கி வந்தவர்களில் ஒருவர் அதட்டினார். ஒரு கம்பை நான் பிடித்தேன். முழங்கால் வரை சேறு. மேலிருந்து சிறு கற்கள் உருண்டு வந்து காலில் பட்டன. கதிரை ஒரு தடவை சரிந்தபோது தர்மலிங்கம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் பலமே இல்லை. மண் விழுந்து நானும் அவரோடு போய்விட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். கம்பைப் பிடித்த மற்றவர்களும் போவார்கள் என்பது அந்த நேரம் எனக்குத் தோன்றவே இல்லை. பயம் மனிதனை அவ்வளவு சின்னவனாக்கிவிடும்.

சரிவைத் தாண்டிக் கீழே த்ரீவீலர் கிடைத்தது. றக்வான ஆஸ்பத்திரியில் பார்த்ததும் அம்புலன்ஸில் இரத்தினபுரிக்கு அனுப்பினார்கள்.

5. வார்ட்டில்

இரத்தினபுரியில் இளம் டொக்டர் ஒருவர் பார்த்தார். டயலிசிஸ் செய்ய வேண்டும் என்றார். பிறகு புஷ்பத்தைப் பார்த்துக் கேட்டார்.

“ஐ மெச்சர பரக்கு?”

ஏன் இவ்வளவு பிந்தினீர்கள் என்று அர்த்தம். புஷ்பம் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு சிங்களத்தில் பதில் சொன்னேன். பாதையில் மண் சரிந்துவிட்டது, பஸ் இல்லை, தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. எல்லாம் உண்மையான வார்த்தைகள். மொத்தமாகப் பொய்.

புஷ்பம் சின்ன வயதில் கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பது எனக்குத் தெரியாது. என்னைவிடச் சுத்தமான சிங்களத்தில், டொக்டரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

“மண் விழுந்தது இன்னைக்கு விடியத்தான், டொக்டர். அதுக்கு முந்தி பாதை நல்லாத்தான் இருந்துச்சு. ஒருத்தர் மெஷின்ல பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. அதை நம்பி வீட்டுல இருந்தோம்.”

“யாரு சொன்னது?”

“இவருகிட்ட கேளுங்க.”

அப்போதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான்தான் என்றேன். எண்ணை மாற்றியதையும் குளிசை விஷயத்தையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. பேனையை எடுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“வேறு யாருக்கெல்லாம் இப்படிச் சொன்னீங்க?”

என் வாழ்க்கையில் நான் கேட்ட பயங்கரமான கேள்வி அதுதான். ஏனென்றால் அன்று எண் நன்றாக வந்த வேறு மூன்று பேருக்கும் சொல்லியிருந்தேன்.

6. சொன்ன பிறகு

அன்றே தோட்டத்துக்குத் திரும்பினேன். நான் ஒரு தடவை மட்டும் கழுவிச் சோதித்த எல்லோருடைய வீட்டுக்கும் போனேன். பெட்டி பிழை, என் பேச்சும் பிழை, இப்போதே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். சிலர் நம்பவில்லை. “முந்தாநேத்து ஒண்ணுமில்லன்னீங்க, இன்னைக்கு சாவப்போறோம்ங்கிறீங்க, எத நம்புறது?” என்று ஒரு வயதானவர் கதவைச் சாத்தினார். மழையில் நின்று திரும்பத் திரும்பத் தட்டினேன். கடைசியில் எல்லோரும் வந்தார்கள். அந்தக் கதவைச் சாத்தியவருக்குச் சிறுநீரகம் அடிபடத் தொடங்கியிருந்தது. மருந்தோடு தப்பினார்.

பேராசிரியையிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவர் என் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“லெப்டொப்பில் ஒரிஜினல் பைல் இருக்கா, அதையும் அழிச்சீங்களா?”

“இருக்கு, மேடம்.”

“நல்லது. நீங்க எழுதின புத்தகத்தை இனி நான் நம்ப முடியாது.”

சோதனையை நிறுத்தினார். நடந்ததை மேலிடத்துக்கு எழுதினார். என் வேலை அன்றோடு முடிந்தது. பிற்பாடு ஸ்ட்ரிப்பில் அன்டிபொடி இல்லாத இரண்டாவது இடம் ஒன்றை வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். குளிசை கலந்திருந்தால் அந்த இடமும் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். கருவியின் பிழையைத் திருத்திவிட்டார்கள்.

தோட்டத்தில் நான் செய்த சேதம் திருந்தவில்லை. சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. இரத்தம் எடுக்க வந்தாலும் கையை நீட்ட மாட்டார்களாம். லைட் பெட்டிக்காரன் கூட்டாளி வந்துட்டான் என்று கதவடைக்கிறார்களாம். அடுத்த மழைக்கு யாருக்குக் காய்ச்சல் வரும், யார் பிந்துவார்கள் என்று இப்போதும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

தர்மலிங்கம் பிழைத்தார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் போனேன். ஒரு முழுப் பொழுதும் மனதில் ஒத்திகை பார்த்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினேன். புஷ்பம் பாதியில் மறித்தார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். பெட்டி சொல்லிச்சா, நீங்க சொன்னீங்களா?”

“பெட்டி பிழைன்னுதான் காட்டிச்சு. நான்தான் சொன்னேன்.”

அவர் தலையை ஆட்டினார். உட்காரச் சொல்லவில்லை. மாதாமாதம் இரத்தினபுரி கிளினிக்குக்கு வரச் சொல்லியிருப்பதாகவும், ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷில் இருப்பதாகவும் சொன்னார். நான் வருகிறேன் என்றேன்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். கெட்ட எண் வந்தால் எல்லோரும் மறுபடி செய்து பார்ப்பார்கள். மனதுக்குப் பிடித்த எண் வந்தால்தான் மறுபடி செய்ய வேண்டும். பிழை செய்துவிட்டால் அதே மணித்தியாலத்தில் சொல்லுங்கள். அடுத்த மணித்தியாலத்தில் அதன் விலை வேறு.

ஒன்றரை வருடமாக ஒரு மாதம் தவறாமல் போகிறேன். விடிய முன் போய் வரிசையில் இடம் பிடிப்பேன். அவர்கள் பஸ்ஸில் வந்து சேர்வார்கள். ரிப்போர்ட் வந்ததும் போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் சத்தமாக வாசிப்பேன். கூடியிருந்தால் கூடியிருக்கிறது என்பேன். இரத்தத்தில் அளக்கும் இந்த எண் கூடினால் கெடுதல்; பல மாதம் கூடித்தான் இருந்தது. சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. கவ்வாத்துக் கத்தியை இனித் தொட முடியாது. தோட்டத்தில் காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

தர்மலிங்கம் என்னோடு பழையபடி பகிடி விடுவார். புஷ்பம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். போன மாதம் கிளினிக் முடிந்து பஸ் நிலையத்துக்கு நடந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. தர்மலிங்கம் நின்றார்.

“சார், உங்களுக்கும் வயசாகுது. அடுத்த மாசம் மழைன்னா வரவேணாம். நாங்க ரெண்டு பேரும் சமாளிச்சுக்கிறோம்.”

புஷ்பம் ரிப்போர்ட்டுகளைப் பைலில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அவரு வருவாரு,” என்றார் புருஷனிடம். “வராம எங்க போயிருவாரு?”

பைலை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.